இந்தியச் செய்தித்தாள் கடந்த இரண்டு வாயில்கள்

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நம் போன்றோருக்குச் செய்தித்தாள் என்பது நெடுங்காலம் தபால்காரர் கொண்டுவந்து தரும் பொருளாகவே இருந்தது. தில்லியில் கரோல்பாகிலும், பம்பாயில் மாதுங்காவிலும், கல்கத்தாவில் ஏரிக்கரைப் பகுதியிலும் வாழ்ந்த முந்திய தலைமுறையினர், சென்னையில் அச்சான தாளை இரண்டு மூன்று நாள் கழித்தே பிரித்துப் படித்தனர். ஊரில் நல்ல மழை என்று அவர்கள் படித்து மகிழ்ந்தபோது அந்த மழைநீர் வடிந்தே போயிருக்கும். ஆயினும் அவர்களுடைய ஆவல் ஒரு நாளும் குறைந்ததில்லை.

‘பத்திரிகை’ என்ற சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். கலியாணப் பத்திரிகை என்று நாம் இன்றும் சொல்லுகிறோம். பத்திரம் என்றால் இலை. இலையில் எழுதப்படுவது ஓலை, கடிதம். அந்தச் சொல்லே செய்தித்தாளுக்கும் பெயராயிற்று. கடிதத்துக்கு நேரக்கூடிய இரண்டு இடர்கள் இந்தியச் செய்தித்தாளுக்கும் நேர்ந்தன. வழியில் அது தடைப்படலாம். அல்லது உரியவர் அல்லாத ஒருவர் அதைப் பிரித்துப் படித்து, தமக்குத் தெரிந்த வகையில் பொருள் கொள்ளலாம். முதல் இடர் தபால் நிலையத்தில் இருந்தது. இரண்டாவது இடர் சர்க்கார் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இருந்தது. நம் நாட்டுப் பத்திரிகைகளின் கதையைச் சொல்லுவோர் ஆசிரியர்களின் தியாகத்தையும் சட்டங்களின் கொடுமையையும் விரிவாகச் சொல்லுவர். அவை சொல்லத்தக்கனவே. ஆனால் இந்த இரண்டு வாயில்களைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. மத்திய சர்க்காரின் காகிதங்களை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் நமக்கோ இரண்டாவது வாயிலைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலவில்லை.

இந்தியாவில் அச்சான முதல் செய்தித்தாள் 1780ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி கல்கத்தாவில் வெளிவந்த ‘ஹிக்கியின் பெங்கால் கெஜட்’ என்னும் ஆங்கில வாரத்தாள். ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி கடன்பட்டுச் சிறை கண்டவர். அச்சுத் தொழிலால் பிழைத்தவர். கம்பெனி உத்தியோகஸ்தர்களின் ஊழல்களையும் அந்தரங்கங்களையும் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். நாகரிகமான எழுத்து என்று அதைச் சொல்ல முடியாது. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் மனைவியைக்கூட அவர் பேனா விட்டு வைக்கவில்லை. அவரை அடக்க முற்பட்ட சர்க்கார் முதலில் நாடியது நீதிமன்றத்தை அன்று, தபாலை. 1780 நவம்பரில் ஹிக்கியின் தாளைத் தபால் மூலம் அனுப்பலாகாது என்று உத்தரவு பிறந்தது. அதே மாதத்தில் போட்டியாகத் தோன்றிய ‘இந்தியா கெஜட்’டுக்கோ தபால் சலுகை கிடைத்தது. ஹிக்கி கல்கத்தா நகருக்குள் ஆட்களை வைத்துத் தாளை விநியோகித்தார். வெளியூர்ச் சந்தாதாரர்களை என் செய்வது? பின்னர் அவதூறு வழக்குகள் வந்தன, சிறை வந்தது, 1782 மார்ச்சில் அவருடைய அச்செழுத்துக்கள் பறிமுதலாயின. பத்திரிகையை ஒடுக்கக் கருதுவோர் அதன் பாதையை அடைத்தாலே போதும் என்னும் பாடத்தை ஆட்சியாளர் முதலாம் ஆண்டிலேயே கற்றுக்கொண்டு விட்டனர்.

இந்திய மொழிகளில் பத்திரிகைகள் தோன்ற மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1818இல் சீராம்பூர் மிஷனரிமார் ‘சமாசார் தர்ப்பண்’ என்னும் வங்காளி வாரத்தாளைத் தொடங்கினர். 1822 ஜூலை முதல் தேதி பம்பாயில் பர்தூன்ஜி மர்ஜ்பான் என்னும் பார்சி அச்சகத்தார் ஆரம்பித்த குஜராத்தித் தாளான ‘மும்பை சமாசார்’ இன்றும் நடைபெற்று வருகிறது. ஆசியாவில் இடையறாது வெளிவரும் செய்தித்தாள்களுள் அதுவே மூத்தது என்பர். அதே 1822இல் ராஜாராம் மோகன் ராய் ‘மீராத்-உல்-அக்பர்’ என்னும் பாரசீக வாரத்தாளை நடத்தினார். மறு ஆண்டு, லைசென்ஸ் பெறாமல் பத்திரிகை நடத்தலாகாது என்று தற்காலிகக் கவர்னர் ஜெனரல் ஆடம் விதி செய்தபோது, லைசென்ஸ் கேட்டு நிற்பதைவிடத் தாளை மூடுவதே தகும் என்று ராய் மூடிவிட்டார்.

இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது மற்றொரு சிறு பத்திரிகையின் வரலாறு. ‘உதந்த் மார்த்தண்ட்’ என்பது அதன் பெயர். ஹிந்தியில் வெளிவந்த முதல் செய்தித்தாள் அதுவே. அது காசியிலோ பிரயாகையிலோ தோன்றவில்லை. வங்காளிகளின் ஊராகிய கல்கத்தாவில் தோன்றியது. கான்பூரிலிருந்து வந்து கல்கத்தா நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த ஜுகல் கிஷோர் சுக்லா, 1826ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி அதன் முதல் இதழை வெளியிட்டார். அக்காலத்தில் கல்கத்தாவில் ஆங்கிலத்தாள் உண்டு, வங்காளித்தாள் உண்டு, பாரசீகத்தாள் உண்டு. பிழைப்புக்காக மேற்கேயிருந்து வந்து குடியேறிய ஹிந்துஸ்தானத்தாருக்கு மட்டும் தம் மொழியில் ஒரு தாள் இல்லை. சுக்லா அக்குறையைத் தீர்க்க முனைந்தார். வேற்று மாநிலத்தில் வாழும் நாம் இந்த முயற்சியைப் புரிந்துகொள்ள விளக்கவுரை வேண்டியதில்லை.

ஆனால் கல்கத்தாவிலிருந்த ஹிந்தி வாசகர்கள் மட்டும் சந்தா கட்டிப் பத்திரிகையைக் காப்பாற்றப் போதுமானவர்களாக இல்லை. படிக்கக்கூடிய பெருங்கூட்டம் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஹிந்தி வழங்கும் ஊர்களில் இருந்தது. அவர்களிடம் தாளைச் சேர்ப்பதற்கு ஆகும் தபால் செலவோ மிக அதிகம். சீராம்பூர் மிஷனரிமாரின் தாளுக்குக் கிடைத்திருந்த தபால் சலுகையைப் போன்ற ஒன்றைச் சுக்லா வேண்டினார்; அது கிடைக்கவில்லை. 79 இதழ்கள் வெளிவந்தபின், 1827 டிசம்பரில் பத்திரிகை நின்றது. எவரும் அதைத் தடை செய்யவில்லை. எந்த ஆசிரியரும் சிறை செல்லவில்லை. இன்று மே 30ஆம் தேதியை ஹிந்திப் பத்திரிகை நாளாகக் கொண்டாடுகின்றனர். பிறந்த நாளைக் கொண்டாடும்போது அது மடிந்த காரணத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று.

1854ஆம் ஆண்டுத் தபால் சீர்திருத்தம் நிலைமையை மாற்றத் தொடங்கியது. தூரத்தைப் பாராமல் எடையைப் பார்த்துக் கடிதக் கட்டணம் விதிக்கும் முறை நாடெங்கும் வந்தது. இருப்புப்பாதையும் நீண்டது. ஓர் ஊரில் அச்சாகும் தாள் மறு ஊரில் படிக்கப்படுவது எளிதாயிற்று. முதல் வாயில் சற்றே அகலத் திறந்ததும் ஆட்சியாளரின் கவனம் இரண்டாவது வாயிலின்மேல் திரும்பியது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அவர்களுக்கு ஓர் அச்சத்தை விட்டுச் சென்றிருந்தது. மக்கள் தம்முள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதே தமக்குத் தெரியவில்லை என்னும் அச்சம் அது. ஆங்கிலத்தாளைக் கலெக்டர் காலைச் சிற்றுண்டியின்போது படித்துவிடலாம். வங்காளியிலும் உருதுவிலும் மராத்தியிலும் தமிழிலும் எழுதுவதை யார் படித்துச் சொல்லுவது?

இதற்கென ஓர் ஏற்பாடு உருவாயிற்று. மாகாணந்தோறும் சர்க்கார் மொழிபெயர்ப்பாளர்கள் சுதேச மொழிப் பத்திரிகைகளைப் படித்து, முக்கியமெனப் பட்டவற்றை ஆங்கிலத்தில் சுருக்கியோ பெயர்த்தோ வாரந்தோறும் அறிக்கையாக்கித் தந்தனர். பம்பாயில் ‘கீழ்த்திசை மொழிபெயர்ப்பாளர்’ என்றே ஒரு பதவி இருந்தது. அந்த அறிக்கைகள் இரகசியம் என்னும் குறிப்போடு அச்சாகி உயர் அதிகாரிகளிடையே சுற்றி வந்தன. போலீஸ், நீதிமன்றம், சிறைச்சாலை, கல்வி, நிலவரி, இரயில்வே, சமஸ்தானங்கள் என்று தலைப்பு வாரியாகச் செய்திகள் பிரித்து அடுக்கப்பட்டன. இன்ன ஊரிலிருந்து இன்ன பத்திரிகை, இத்தனை பிரதிகள் விற்பனையாகின்றன என்னும் பட்டியலும் இருக்கும்.

நியாயமாகச் சொல்வதானால், இவ்வேற்பாடு முழுவதும் ஒற்று வேலை என்று தள்ளிவிட முடியாது. ஏதோ ஒரு தாலுகாவில் அதிகாரி ஒருவர் செய்த அநீதியைப் பற்றி ஊர்ப்பத்திரிகையில் வந்த நாலு வரி, அறிக்கை வழியாக மாகாணத் தலைநகரை எட்டி, அந்த அதிகாரியிடம் விளக்கம் கேட்கப்பட்டதும் உண்டு. நேரே மனுப் போட்டால் நகராத காகிதம் இவ்வழியாக நகர்ந்தது. ஆசிரியர்களும் இதை அறிந்தே இருந்தனர். சந்தாதாரருக்கு எழுதும்போதே, பெயர் தெரியாத அந்த ஒரு வாசகருக்காகவும் எழுதினர்.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கிறார் என்பதை மறக்கலாகாது. எட்டுப் பக்கத்தாளில் எட்டு வரியை எடுக்கிறார். முன்பக்கத்தில் ராஜவிசுவாசம் பொழிந்து, பின்பக்கத்தில் ஒரு வரி குத்தலாக எழுதியிருந்தால், அறிக்கையில் ஏறுவது அந்தக் குத்தலே. அதுவும் சிரிப்பை இழந்து ஏறும். நையாண்டியை மொழிபெயர்ப்பது எத்தகைய துன்பம் என்பதை இத்தொழிலில் கை நனைத்தவர் அறிவர். தமிழில் ‘நம் துரையவர்களின் கருணையே கருணை’ என்று ஒருவர் எழுதினால், படிப்பவர் புன்னகை புரிவார். அதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் அது துதியாகிவிடும். உட்கருத்தை எடுத்துக் கூறினாலோ வெறும் வசையாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்; தேர்ந்தெடுத்ததைத் தம் மேலதிகாரி எப்படிப் படிப்பார் என்பது அவர் கையில் இல்லை. ‘இருபொருள்படும்’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதிக் கோப்பை மேலே அனுப்பிவிட்டு, அக்குறிப்பு இல்லாமலே கோப்பு திரும்பி வந்ததை நாமும் கண்டிருக்கிறோம். நம் காலத்தில் அதனால் கெட்டது ஒரு சுற்றறிக்கை மட்டுமே.

இவ்வறிக்கைகளைப் படித்துப் படித்து ஆட்சியாளரின் சினம் வளர்ந்தது. 1878ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் தேதி லிட்டன் பிரபுவின் சர்க்கார் சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டத்தை ஒரே அமர்வில் நிறைவேற்றியது. ஆங்கிலத்தில் எழுதினால் சட்டம் தொடாது. இந்திய மொழியில் எழுதினால் தொடும். மாஜிஸ்டிரேட்டு ஆசிரியரிடம் பிணைப்பத்திரம் கேட்கலாம். பணம் கட்டச் சொல்லலாம். மீறினால் அச்சகத்தையே பறிக்கலாம். மேல் முறையீட்டுக்கு நீதிமன்றம் செல்ல வழியில்லை. அச்சிடுமுன் முன்படியை அதிகாரிக்குக் காட்டி ஒப்புதல் பெற்றால் பிணையிலிருந்து விலக்கு உண்டு என்று ஒரு ‘சலுகை’யும் இருந்தது. ஒரே கருத்து, ஒரே நகரம். எழுதப்பட்ட மொழியைப் பொறுத்தே குற்றமாகும் அல்லது ஆகாது.

அச்சட்டத்தை வென்றதாகப் புகழப்படுவது ‘அமிருத பஜார் பத்திரிகா’. சிசிர் குமார் கோஷும் அவர் சகோதரர்களும் 1868இல் ஜெசூர் ஜில்லாவில் தொடங்கி, 1871இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த தாள் அது. வங்காளியோடு ஆங்கிலப் பகுதியும் அதில் முன்பே உண்டு. சட்டம் நிறைவேறிய ஒரு வாரத்தில், மார்ச்சு 21ஆம் தேதி, தாள் முழுவதும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. லிட்டனின் வலை வெறுமையாயிற்று. இச்செயலின் சாமர்த்தியத்தை அனைவரும் வியக்கின்றனர், நாமும் வியக்கிறோம். எனினும் ஒரு கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. ஆங்கிலம் அறியாத வங்காளி வாசகர் அந்த வாரம் தாளைப் பிரித்தபோது என்ன நினைத்திருப்பார்? பத்திரிகை பிழைத்தது, அவர் வெளியே நின்றார். சட்டம் கருதியதும் அதுதானே? துவாரகாநாத் வித்யாபூஷணின் ‘சோம்பிரகாஷ்’ என்னும் வங்காளி வாரத்தாள் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. இச்சட்டத்தின் பிடியில் சிக்கிச் சில காலம் நின்றுபோயிற்று. வெற்றிக்கதைகளில் அதன் பெயர் அரிதாகவே வருகிறது. 1880இல் வைசிராயாக வந்த ரிப்பன் பிரபுவின் காலத்தில் சட்டம் நீக்கப்பட்டது.

அந்த 1878ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 20ஆம் தேதி, சென்னையில் இளைஞர் அறுவர் சேர்ந்து கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதிகள் அச்சிட்டு ‘தி ஹிந்து’வைத் தொடங்கினர். அதுவும் ஆங்கிலத்தாளே. அறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் அதனோடு நின்றுவிடவில்லை. 1882இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வாரத்தாளை ஆரம்பித்தார். 1899இல் அது நாளிதழாயிற்று. ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்ற ஒருவர் தமிழுக்குத் திரும்பி வந்தது அக்காலத்தில் சிறிய செயலன்று. அரசியல் பேசுவதற்குரிய சொற்களே தமிழில் அப்போது முழுமையாக உருவாகியிருக்கவில்லை. 1904இல் அப்பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதியாருக்கு அங்கே வாய்த்த அலுவல் பெரும்பாலும் ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவதே. ஒரு பக்கம் சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் தமிழை ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கம் பாரதியார் ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்.

மொழிபெயர்ப்பாளரின் மேசை நீதிமன்றத்துக்கே வந்து சேர்ந்த வரலாறு இனி வருவது. 1870இல் தண்டனைச் சட்டத்தில் 124-ஏ என்னும் ராஜத்துரோகப் பிரிவு சேர்ந்தது. அதன் உயிர்ச்சொல் ‘டிஸ்அஃபெக்ஷன்’ என்பது. இதைத் தமிழில் என்னென்று சொல்லுவது? அன்பின்மையா? அதிருப்தியா? வெறுப்பா? பகையா? அன்பின்மைக்கும் பகைக்கும் உள்ள தூரம், வீட்டுக்கும் சிறைச்சாலைக்கும் உள்ள தூரம். 1891இல் ‘பங்கபாசி’ என்னும் வங்காளித்தாளின்மேல் இப்பிரிவின்கீழ் முதல் வழக்கு நடந்தபோது ஜூரர்கள் ஒருமிக்கவில்லை. தாளைச் சேர்ந்தோர் வருத்தம் தெரிவித்தபின் வழக்கு கைவிடப்பட்டது. 1897இல் ‘கேசரி’யில் சிவாஜியைப் பற்றி வந்த ஒரு மராத்திப் பாடலுக்காகவும் விழா பற்றிய கட்டுரைக்காகவும் பாலகங்காதர திலகர் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். பாடலை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைக் கொண்டு குற்றத்தை அளந்தனர். நீதிபதி ஸ்ட்ரேச்சி அச்சொல்லுக்கு மிக விரிந்த பொருள் தந்தார். ஐரோப்பிய ஜூரர் அறுவர் குற்றவாளி என்றனர். இந்திய ஜூரர் மூவர் குற்றவாளி அல்லர் என்றனர். திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது.

1908ஆம் ஆண்டு வழக்கு இன்னும் பெரிது. முஜப்பர்பூர் வெடிகுண்டு நிகழ்ச்சிக்குப்பின் ‘கேசரி’யில் வந்த தலையங்கங்கள் குற்றமாகக் காட்டப்பட்டன. திலகர் தமக்குத் தாமே வாதாடினார். சர்க்கார் தரப்பு மொழிபெயர்ப்பாளரைச் சாட்சிக் கூண்டில் வைத்து, மராத்திச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குறுக்கு விசாரணை செய்தார். நீதிபதி தாவர் முன்னிலையில் அவர் பேசிய நேரம் மொத்தம் 21 மணிக்கு மேல். அதில் பெரும்பகுதி சட்டத்தைப் பற்றியும் சொற்பொருளைப் பற்றியும் ஆனது. தாம் எழுதியது மராத்தி வாசகருக்கு. மராத்தி அறியாத ஜூரர்கள் தம் முன் கண்டதோ ஆங்கிலத் திரிபு. அதைக் கொண்டு தம் கருத்தை எப்படி அளக்கலாம் என்பது அவருடைய வாதம். ஜூரர் ஒன்பதின்மருள் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சியர். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் குற்றவாளி எனத் தீர்ந்தது. ஆறாண்டு நாடுகடத்தல், மாண்டலே சிறை. கூண்டில் நின்ற அந்த மொழிபெயர்ப்பாளரும் மராத்தியரே. அன்றிரவு வீடு திரும்பிய அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

தமிழகத்தையும் அந்த 1908ஆம் ஆண்டு விட்டுவைக்கவில்லை. சுதேசமித்திரன் ஆசிரியர் சுப்பிரமணிய ஐயர் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்று எழுதிய ‘இந்தியா’ வாரத்தாள் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்தது. அங்கே அச்சிடத் தடையில்லை. ஆனால் வாசகர்களோ எல்லைக்கு இப்பால் பிரிட்டிஷ் சீமையில் இருந்தனர். அத்தாள் இந்தச் சீமைக்குள் வருவது தடுக்கப்பட்டது. 1910இல் பத்திரிகை நின்றது. ஹிக்கிக்கு நேர்ந்தது நூற்றுமுப்பது ஆண்டு கழித்துப் பாரதியாருக்கும் நேர்ந்தது.

பின்னர் வந்த சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்வோம். ஜாமீன் தொகை கேட்கும் 1910ஆம் ஆண்டுச் சட்டம் 1922இல் நீங்கியது. 1931இல் வேறு உருவில் திரும்பியது. விடுதலைக்குப்பின், நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான பத்திரிகைக் கமிஷன் 1952 முதல் 1954 வரை ஆராய்ந்தது. அதன் விளைவாக 1956 ஜூலையில் செய்தித்தாள் பதிவாளர் அலுவலகம் ஏற்பட்டது. அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயர்களைத் தாளில் காட்ட வேண்டும் என்ற 1867ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் எல்லா மாறுதல்களையும் கடந்து நின்று, 2024 மார்ச்சில்தான் புதிய சட்டத்துக்கு இடம் விட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடியெழுத்தில் காணும் அந்த வரியை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்!

அந்த வாராந்தர அறிக்கைகள் இன்று இரகசியம் அல்ல. தில்லியில் ஜனபத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றை யாரும் கேட்டுப் படிக்கலாம். அக்காலத்துச் சுதேசப் பத்திரிகைகளோ பல அழிந்துவிட்டன. மலிவான காகிதம் பொடியாயிற்று, அச்சகங்கள் மூடப்பட்டன, வாங்கியவர்கள் பொட்டலம் கட்டினர். எத்தனையோ சிறு தாள்களுக்கு ஓர் இதழ்கூட எஞ்சவில்லை. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் சர்க்கார் மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலத்தையே நாட வேண்டியிருக்கிறது. தமிழில் எழுதப்பட்டு, தமிழ் மூலம் தொலைந்து, ஆங்கிலச் சுருக்கமாக மட்டும் பிழைத்திருக்கும் ஒரு தலையங்கத்தை இன்று தமிழ் நூலில் எடுத்தாள விரும்புவோர் அதை மறுபடியும் தமிழாக்குகின்றனர். சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் அத்தகைய ஒரு பத்தியைக் கொண்டுவந்து, ‘அந்தக் காலத்து ஆசிரியர் இதை எந்தச் சொல்லால் சொல்லியிருப்பார்?’ என்று நம்மைக் கேட்டார். ஆங்கிலத்தில் ‘பொதுமக்களின் அதிருப்தி’ என்னும் பொருள்பட ஒரு தொடர் இருந்தது. மனக்குறை, மனத்தாங்கல், கசப்பு, கொதிப்பு என்று நான்கு சொற்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தோம்.